ஏழாவது நிழல்

முப்பத்தொரு வீடுகளை இடித்து நூற்றுப் பன்னிரண்டு நாட்கள் ஆகியும் அவற்றின் நிழல்கள் காலையில் தவறாமல் மணலில் வந்து விழுந்தன. சூரியன் கடலிலிருந்து எழுந்ததும் விழும். எட்டரை மணிவாக்கில் சுருங்கி மறையும். தரையில் நின்று பார்த்தால் வெறும் கறுப்புப் பட்டைகள். மேலேயிருந்து பார்த்தால் கூரை, தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் துணி எல்லாம் தெரியும். முதலில் பார்த்தவள் ட்ரோன் வைத்திருந்த பெண். கல்யாணங்களைப் படமெடுப்பது பிழைப்பு. விடியற்காலையில் அந்தக் கரையைப் படமெடுப்பது ஆசை. ஊர் அவளைப் பருந்து என்று கூப்பிட்டது.

ஏழாவது நிழல் அவள் அக்காவின் வீடு. அக்கா இப்போது இரண்டு பிள்ளைகளோடு பருந்தின் ஒற்றை அறையில் இருந்தாள். படத்தைக் காட்டியதும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "பாருடி, என் நைட்டி இன்னும் காயுது. அதை எடுக்கக்கூட விடலையே பாவிங்க."

வீடுகளை இடித்த அரசு அலுவலகம் சும்மா இருக்கவில்லை. முதல் வாரம் நிழல்களைப் பெருக்கித் தள்ள நான்கு பேரை அனுப்பியது. அடுத்த வாரம் சுண்ணாம்பு தூவியது. வெள்ளையில் நிழல் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. பிறகு ஒரு பொறியாளர் வந்து, மணலில் ஈரம் என்று எழுதிக்கொண்டு போனார். ஈரத்துக்கு ஜன்னல் இருக்குமா சார் என்று கேட்டவர் மேல், பணியைத் தடுத்ததாக வழக்குப் போட்டார்கள். அங்கே வரப்போகும் விடுதியின் வரைபடத்தில் நீச்சல் குளம் அக்காவின் சமையலறை மேல் இருந்தது.

இடித்ததற்கு அவர்களிடம் இருந்தது ஒரே ஆதாரம். ஒரு விடியலில் மேலேயிருந்து எடுத்த படம். முப்பத்தொரு வீடுகள், ஒரு வாசலிலும் ஆள் இல்லை. குடியிருப்போர் எவருமில்லை என்று அதன் கீழே முத்திரை. "எடுத்தவன் கை விளங்காமப் போகட்டும்" என்று அக்கா தினமும் சோறு போடும்போது சொல்வாள். பருந்து தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவாள்.

நூற்றுப் பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் ஊரார் கொடுத்த புகாரின் கடைசி விசாரணைக்காக அந்த அலுவலகத்தின் அதிகாரி கரைக்கே வந்தார். அன்று தீர்ப்பாகிவிட்டால் விடுதிக்கு அஸ்திவாரம் தோண்டுவார்கள். வெயில் சுட்டது. அவர் நாற்காலியை ஏழாவது நிழலுக்குள் இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"இங்க வீடு இருந்துச்சு, ஆள் இருந்தாங்கங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

யாரோ நிழலைக் காட்டினார்கள். "நிழலை எல்லாம் கோப்புல சேர்க்க முடியாதுங்க" என்றார். நிழல் சுருங்கச் சுருங்க நாற்காலியையும் நகர்த்திக்கொண்டார். மூன்றாம் முறை நகர்த்தியபோது அவர் அக்காவின் சமையலறையில் இருந்தார். அடுப்பு இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்தார்.

கூட்டத்தில் நின்ற பருந்து அதைப் பார்த்தாள்.

"எழுந்திருங்க சார். அது எங்க அக்கா வீடு."

"நீ யாரும்மா?"

அவள் அக்காவைப் பார்க்கவில்லை. குரல் கடைசி வரிசை வரை கேட்டது.

"அந்தப் படத்தை எடுத்தது நான்தான். விடியறப்ப நண்டும் சிண்டுமா எல்லாரும் அந்தப் பக்கம் வலை இழுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். படத்துல ஆள் விழாம அழகா வேணும்னு உங்க ஆபீஸ்ல கேட்டாங்க. எடுத்துக் குடுத்தேன். வலைக் கயித்துல மூணாவது ஆளா எங்க அக்கா நின்னா. பார்த்துட்டுத்தான் கேமராவைத் திருப்பினேன்."