ஏப்பம் விட்ட மண்

லாரி மெக்கானிக்கின் பட்டறைக்குப் பின்னால் இருந்த மண் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு முதல் ஏப்பத்தை விட்டது. மறுநாளும் அதே நேரம், அதே சத்தம். வயிறாரச் சாப்பிட்டவர் விடுகிற நிதானமான ஏப்பம். ஒரு வாரத்துக்குள் தெருவில் பாதிப் பேர் அதைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கேட்டவர்கள் இன்னும் அதே தெருவில்தான் குடியிருக்கிறார்கள்.

முப்பது வருஷமாக மெக்கானிக் வண்டிகளிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை அந்த மண்ணில்தான் கொட்டினார். மண் குடித்துவிடும் என்று நம்பினார். மண் குடிக்கவில்லை, வாயில் அடக்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக் கிணற்றில் நிறம் நிறமாகப் படலம் மிதந்தது. நகராட்சி அதிகாரி வந்தார். மழைக்காலத்துக்குள் மண் சுத்தமாகாவிட்டால் பட்டறையையும் அதை ஒட்டிய வீட்டையும் இடித்து, ஆறடி ஆழத்துக்கு மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடுவோம் என்று எழுதி நீட்டினார். மெக்கானிக் கைநாட்டு வைத்தார். அவருக்கு மைப்பெட்டி தேவைப்பட்டதே இல்லை. கட்டைவிரலை வெறுமனே அழுத்தினால் போதும், ரேகை ரேகையாகக் கறுப்பாக விழும். மகளைப் பள்ளியில் சேர்த்த விண்ணப்பத்தில்கூட அப்படித்தான் வைத்தார்.

அந்த மகள் நுண்ணுயிர்களைப் பற்றிப் படித்து ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். நோட்டீஸைப் படித்த மறுநாள் ஒரு கேன் கலங்கல் தண்ணீரோடு வந்து இறங்கினாள்.

"இதுல இருக்கறதெல்லாம் எண்ணெயைத் தின்னுடும்ப்பா. கொஞ்சம் யூரியா, ஈரம், காத்து. வேற ஒண்ணும் வேணாம்."

"உங்கப்பா சட்டையில இருக்கற எண்ணெயே நான் துவைச்சும் போகல. இது தின்னுடுமாக்கும்!" என்றாள் அம்மா.

தின்றது. மண்ணைக் கிளறி ஊற்றிய இருபதாம் நாள்தான் அந்த முதல் ஏப்பம்.

நாலாம் மாதம் ஏப்பம் மெலிந்தது. தீனி தீர்ந்துவருகிறது என்று மகளுக்கு ஒரே சந்தோஷம். மெக்கானிக்குக்குத்தான் மனசு கேட்கவில்லை. தனக்காக உழைக்கிறவர்களை அரைவயிற்றோடு வேலை வாங்கி அவருக்குப் பழக்கமில்லை. மகள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, அன்று வடித்த எண்ணெயில் இரண்டு கேன் ஊற்றிவிட்டார். மறுநாள் பத்தேகாலுக்கு மண் வாயே திறக்கவில்லை. தெருவில் மூன்று பேர் வேலைக்குத் தாமதமாகப் போனார்கள்.

மகள் திரும்பி வந்து மண்ணை முகர்ந்து பார்த்தாள். "யாருப்பா ஊத்துனது?"

"பாவம், பசிக்குமேன்னு..."

"உபசாரம் பண்ணியே வீட்டைக் காலி பண்ணிடுவீங்க போல!"

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மேலே எண்ணெய் மூடிக்கொண்டதால் காற்றில்லாமல் எல்லாம் மூச்சு முட்டிக் கிடக்கின்றன என்றாள். கெடு முடியப் பதினோரு நாள்தான் இருந்தது. மண்வெட்டியால் கிளறினால் அவற்றுக்கு அடிபடும் என்று மெக்கானிக் தானாகவே முடிவு செய்துகொண்டார். முழங்கை வரை கையை விட்டுப் பதினோரு நாளும் வெறுங்கையால் கிளறினார். "தப்பு என்னோடதுதான், கோவிச்சுக்காதீங்க" என்று அவர் மண்ணிடம் சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டார். எட்டாம் நாள் சின்னதாக ஓர் ஏப்பம் வந்தது. பதினோராம் நாள் வந்ததில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அதற்கப்புறம் மண் ஏப்பம் விடவே இல்லை.

அதிகாரி மூன்று இடத்தில் மண் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். எண்ணெய் இல்லை என்று பதில் வந்தது. பட்டறையும் வீடும் இருக்கலாம் என்று எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். மெக்கானிக் வழக்கம்போலக் கட்டைவிரலை அழுத்தினார். தாள் வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு தடவை அழுத்தினார். ஒன்றும் விழவில்லை. மனைவி அந்தக் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த நகங்களின் நிறத்தைப் பார்த்ததில்லை.

"இதையும் தின்னுடுச்சா" என்றாள். கையை விடவில்லை.

அதிகாரி ஒரு மைப்பெட்டி வாங்கிவர ஆள் அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக் காத்திருந்தார்.