நூற்று முப்பத்தொன்பது

"அடியில கூட்டித் தொகையைப் போடுங்க" என்று கேட்டுவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்கள் அலுவலகத் தலைவர் ஹனுஸ் சொல்லியிருந்தார். "இந்த ஆபீஸ்ல எதை வேணும்னாலும் கேளு ரன்வா. சம்பளம் ஏத்திக் கேளு, லீவு கேளு, என் கார் சாவியைக்கூடக் கேளு. வெளி ஆளுங்க முன்னாடி கூட்டல் மட்டும் கேக்காதே." மூன்று வருடம் கேட்கவில்லை. அந்த அக்டோபர் காலையில், மேசைக்கு ஒரு பக்கம் ஜெர்மனியிலிருந்து மீன் வாங்க வரும் கிர்ஸ்டனும் மறுபக்கம் கப்பல் முதலாளிகளின் ஆள் ரூனியும் உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன். ஹனுஸ் கையிலிருந்த பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார். மேசையின் தலைமாட்டில் இருந்தவர் அவர்தான், ஆனால் அந்த நிமிடம் யாராவது கூப்பிட்டால் எழுந்து போய்விடலாம் என்று காத்திருக்கிறவர் மாதிரி ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை.

எங்கள் சின்னத் தீவு நாட்டின் துறைமுகத்தில், கயிறும் வலையும் விற்கும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஆறு பேர். இந்த இந்த மீனை இவ்வளவுக்குமேல் பிடித்தால் கடல் தாங்காது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள் அல்லவா, அரசாங்கங்கள் கப்பல்களுக்கு ஒதுக்கும் அளவு அதற்குள் நிற்கிறதா என்று அளந்து எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. அந்தத் தாள் இருந்தால்தான் கிர்ஸ்டனின் கம்பெனி எங்கள் கானாங்கெளுத்தி மீனை வாங்கும். தாளின் அடியில் 'அளந்தவர்' என்று ஒரு இடம் உண்டு. மூன்று வருடமாக அங்கே இருப்பது என் கையெழுத்து.

எப்படி அளக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லவே கூசுகிறது. கானாங்கெளுத்தி ஒரே பெருங்கூட்டம். நார்வேக் கடலில் மேய்ந்து, எங்கள் கடலில் கொழுத்து, எவரிடமும் கேட்காமல் போய்வருகிறது. விஞ்ஞானிகள் கூட்டம் முழுவதற்கும் ஒரே எண்ணைத்தான் சொல்கிறார்கள். அதை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூறில் யாருக்கு எவ்வளவு என்று கரை நாடுகள் வருடாவருடம் பேசுகின்றன, வருடாவருடம் முறித்துக்கொண்டு எழுந்துவிடுகின்றன. பிறகு ஒவ்வொரு நாடும் வீட்டுக்கு வந்து 'என் பங்கு இவ்வளவு' என்று தானே அறிவித்துக்கொள்கிறது. அந்த அறிவிப்புக்குள் அந்த நாட்டின் ஒதுக்கீடு நிற்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் அளவை. நிற்காமல் எங்கே போகும்? தன்னைச் சுற்றித் தானே கோடு போட்டுக்கொண்டவன் எப்படி வெளியே விழுவான்? நாட்டுக்கு ஒரு வரி, வரிக்கு வரி 'பொருந்துகிறது', 'பொருந்துகிறது' என்று எழுதுகிறோம். எல்லா வரியையும் கூட்டினால் நூற்று முப்பத்தொன்பது வருகிறது. கூட்டல் வரிக்குப் படிவத்தில் இடம் கிடையாது.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா சுன்னிவா எட்டாம் வகுப்போடு ஊர் மீன் தொழிற்சாலைக்குள் போனவள். பெல்ட்டில் ஓடிவரும் மீனில் அடிபட்டதையும் கிழிந்ததையும் பொறுக்கிப் போடுவது அவள் வேலை. முப்பத்தேழு வருடம். அந்தச் சம்பளத்தில்தான் கோப்பன்ஹேகனில் புள்ளியியல் படித்தேன். படித்ததில் ஒரு முட்டாள்தனமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. சரியான எண்ணை நாலு பேர் முன்னால் உரக்கச் சொன்னால் அறை ஆடிப்போகும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதை எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று குளியலறையில் நின்று ஒத்திகைகூடப் பார்த்திருக்கிறேன்.

அறை ஆடவில்லை. ரூனி கேக்கை மென்று விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

"இதுக்குத்தானா மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டிருந்த? நூத்தி முப்பத்தொம்பது. நானே வாயால சொல்லிட்டேன், போதுமா?"

"எனக்கும் தெரியும்" என்றார் கிர்ஸ்டன். குரலில் கேலி இல்லை, உண்மையான பரிவு. "விஞ்ஞானிகளே வருஷா வருஷம் அச்சடிச்சுப் போடறாங்களே. ஒளிவு மறைவு ஒண்ணும் இல்லைம்மா."

"அப்புறம் எப்படி 'பொருந்துகிறது'ன்னு எழுதச் சொல்றீங்க?"

"எங்க படிவம் கேக்கறது ஒவ்வொரு நாட்டோட ஒதுக்கீட்டையும் தனித்தனியாத்தான். ஆமா, இல்லை. ரெண்டே கட்டம்."

ரூனி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, நான் ஒண்ணு கேக்கறேன் படிச்ச பொண்ணே. அதிகமா இருக்கிற அந்த முப்பத்தொம்பது யாரோடது? பேரைச் சொல்லு. எங்களோடதுன்னா சொல்லு, இப்பவே குறைக்கறோம். நார்வேக்காரன் அவனோடது இல்லங்கறான். ஐஸ்லாந்துக்காரன் தலையே ஆட்ட மாட்டேங்கறான். நான் வலையச் சுருட்டிட்டு வந்தா, நான் விட்ட மீனை எவன் அள்ளுவான்னு உன் கம்ப்யூட்டர் சொல்லுமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எல்லோரும் சேர்ந்து குறைக்க வேண்டும் என்ற அந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதை முடிவுரையில் மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருந்தவளும் நான்தான். ஹனுஸ் எழுந்து, "காபி குடிச்சிட்டு வருவோமே" என்றார்.

நடைபாதையில் நிற்கும்போதே போன் அடித்தது. அம்மா. அம்மாவின் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருப்பவன் ரூனியின் மச்சான். எங்கள் தீவுகளில் செய்தி கப்பல் ஏறி வர வேண்டியதில்லை.

"என்னடி பண்ணின அங்க?"

"கூட்டச் சொன்னேன்."

"ஃபோர்மேன் வந்து, 'சுன்னிவா, உன் மக பெரிய கணக்குக்காரியாமே, தாள்ல கையெழுத்து விழலன்னா பெல்ட்டை நிறுத்திட்டு ஆடு மேய்க்கப் போலாமா'ன்னு கேட்டுட்டுப் போறான். பொம்பளைங்க பூரா என்னையே பாக்குறாளுங்க."

"நூறுக்குமேல வேணாங்கற இடத்துல நூத்தி முப்பத்தொம்பது பிடிக்கறாங்கம்மா."

பெல்ட்டின் இரைச்சலுக்கு மேலே அம்மா குரலை உயர்த்தினாள்.

"அதுக்கு எனக்கு எண்ணு வேணுமா? முன்னல்லாம் ஒரு மீனு எடுத்தா கை நிறையும். இப்ப ரெண்டு சேத்து எடுக்கறேன், அப்பவும் கையில இடம் மிச்சமிருக்கு. உனக்கு முன்னாடியே இந்தக் கைக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்ட சொல்ல? பெல்ட்டுகிட்டயா? இங்க நிக்கற அறுபது பேருக்கும் தெரியும்டி. ஃபோர்மேனுக்கே தெரியும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீ கையெழுத்துப் போடலன்னா மீன் பொழைச்சுக்குமா?"

"ஒரு தாளால எப்படிம்மா..."

"பாத்தியா. சரி, வைக்கறேன், மீன் வந்துகிட்டே இருக்கு" என்று வைத்துவிட்டாள். போட்டுவிடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. அவள் அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எதிர்த்துக் கத்தியிருப்பேன். அந்தத் தொழிற்சாலை நின்றால் அவளுக்கு வேறு வேலை கிடையாது. ஐம்பத்திரண்டு வயது, குளிரில் வீங்கிய விரல்கள். மீன் தீர்ந்தாலும் அதே தொழிற்சாலைதான் நிற்கும். இன்றைக்கா, ஏழெட்டு வருடம் கழித்தா என்பது மட்டும்தான் வித்தியாசம். அதைத்தான் கட்டம் போட்ட தாளில் என்னிடம் நீட்டியிருக்கிறார்கள்.

ஹனுஸ் இரண்டு கோப்பைகளோடு வந்து பக்கத்தில் நின்றார். எனக்கு இந்த ஊரில் வாடகைக்கு அறை பிடித்துக் கொடுத்தவர் அவர். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும். அப்படிச் சொல்ல முடியாததுதான் எரிச்சல்.

"ரகசியம்ங்கறதாலதான் உன்ன கேக்க வேணாம்னு சொன்னேன்னு நினைச்சியா?"

"வேற எதுக்கு?"

"நானும் ஒரு தடவை கேட்டேன். பதினாலு வருஷம் ஆச்சு. அப்ப நூத்தி இருபத்திரண்டு. இதே மாதிரி கேக் சாப்பிட்டாங்க." காபியைக் குடிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டா ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுக்கிட்டப்புறம் இங்க உக்காந்து வேலை பாக்கறது கஷ்டம் ரன்வா. கேக்காம இருந்தா, என்னைக்காவது கேக்கலாம்ங்கற நெனப்பாவது மிச்சமிருக்கும்."

"அதைத்தான் எனக்கு மிச்சம் வச்சீங்களா?"

"வேற என்ன இருந்தது என்கிட்ட?"

"நான் போடலன்னா?"

"உன் பக்கத்து மேசை பெய்னிர் போடுவான். நாலு மணிக்குக் கூரியர். உங்கம்மா பெல்ட்டும் ஓடும், ஒண்ணும் நிக்காது." என்னை ஆறுதல்படுத்துவதற்காகத்தான் அதைச் சொன்னார்.

காலை முழுக்க நான் அம்மாவின் சோற்றையும் கடலையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நிற்பதாக நினைத்திருந்தேன். கையில் ஒன்றுமே இருக்கவில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் தாள் போகும், மீன் வரும், அம்மா பொறுக்குவாள். என் கையெழுத்தால் மாறக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்று, அது என் கையெழுத்து.

உள்ளே ரூனி தட்டுகளை ஒதுக்கித் தாளுக்கு இடம் செய்து வைத்திருந்தார். தன் பேனாவையே மூடியைக் கழற்றி நீட்டினார். "கோவிச்சுக்காத. உங்கம்மா நல்ல உழைப்பாளி, அவளை நாங்க விட்டுட மாட்டோம்." கிர்ஸ்டன், "அடுத்த வருஷம் படிவத்துல ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி எழுதறேன்" என்றார். நிஜமாகவே எழுதுவார். அதற்கு நிஜமாகவே ஒரு பதில் கடிதமும் வரும்.

பேனாவை வாங்கினேன். 'பொருந்துகிறது' வரிகளுக்கெல்லாம் கீழே, ஓரத்து வெள்ளையில், 139 என்று எழுதினேன். யாரும் தடுக்கவில்லை. "புதுசா ஒண்ணு பிரிண்ட் எடுத்துக்கலாம்" என்றார் ஹனுஸ், மிகவும் களைப்பாக.

"எடுத்துக்கங்க. நான் போடல. நாளைலேருந்து வரவும் இல்ல."

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். பாதிப் படியில் இருக்கும்போது மேலே ஒரு நாற்காலி நகரும் சத்தமும், பெய்னிர் "எங்க போடணும்?" என்று கேட்பதும் காதில் விழுந்தன. அச்சு இயந்திரம் முனகியது.

வெளியே நோல்சோய் தீவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மீன்பிடிக் கப்பல் வடக்கே, தொழிற்சாலைகள் இருக்கும் பக்கம், போய்க்கொண்டிருந்தது. மீன் பாரத்தில் அதன் சிவப்புக் கோடு முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. பின்னால் பறவைகள் கிழிந்த துணி போல் இழுபட்டுப் போயின. மீன் நிறைந்த கப்பலைக் கண்டால் எங்கள் ஆட்கள் நின்று கையாட்டுவார்கள். தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருந்த ஒருத்தி ஆட்டினாள், எரிவாயு இறக்கிக்கொண்டிருந்தவர் ஆட்டினார், பேருந்து ஓட்டுநர் ஜன்னலை இறக்கி ஆட்டினார். கப்பல் தாழ்ந்த குரலில் ஒருமுறை ஊதியது. கோட்டுப் பையிலிருந்து என் கையும் பாதி மேலே எழுந்துவிட்டிருந்தது.