வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பொலிஸ் சான்றிதழ்

அந்த நாட்டுக்கு எவன் ஜனாதிபதியானால் நிரஞ்சனிக்கு என்ன? வென்றதாக ஒருவன் அறிவித்தான், வாக்குப் பெட்டிகளையே மாற்றிவிட்டார்கள் என்றான் மற்றவன். சனம் தெருவில் இறங்கியது, அரசாங்கம் சுட்டது, இணையத்தையும் வெட்டியது. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரேயொரு காகிதம். அங்கே துறைமுக நகரில் இரும்புக்கடையொன்றில் வேலை செய்யும் அவள் கணவன் தனுஜன், தன்மேல் குற்றமில்லை என்று பொலிஸ் சான்றிதழ் எடுத்து அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால், அவனைத் தன்னிடம் கூப்பிட அவள் போட்டு நாலு வருடமாக இழுபட்ட ஸ்பொன்சர் கோப்பை மூடிவிடுவார்கள்.

ஆறு நாளாக அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. குடிவரவு அலுவலகத்துக்குப் போன் எடுத்தால் பாட்டுத்தான் கேட்டது. ஒருமுறை அகப்பட்ட பெண், அவர் இணையத்தில் அனுப்பலாமே என்று பிரெஞ்சில் பரிவாகச் சொன்னாள். இணையமே இல்லாத ஊரிலிருந்து எப்படி அனுப்புவது என்று கேட்டதற்கு, விளக்கம் இணையப் பக்கத்தில் இருக்கிறது என்றாள். நிரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை, தான் வேலை செய்யும் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி அடுக்கிக்கொண்டிருந்தபோது தனுஜன் போன் எடுத்தான். சான்றிதழ் கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்டாள்.

தரமாட்டார்களாம். கடைச் சாரதி சலூமுக்கு ஊர்வலத்தில் சூடு பட்டிருக்கிறது. இவன் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறான். வாசலில் நின்ற பொலிஸ் இவன் பெயரை எழுதி, கலகக்காரருக்கு உதவிய வெளிநாட்டவன் என்று வழக்கும் போட்டு அடைத்து வைத்து, நேற்றுத்தான் வெளியே விட்டதாம்.

யுத்தத்துக்குள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மனிதன் ஆஸ்பத்திரி வாசலில் சொந்தப் பெயரைச் சொல்வானா?

“வாசலில இறக்கிப்போட்டு வந்திருக்கலாமெல்லே? உங்கட மகள் றொஷினி உங்களைப் படத்திலதான் கண்டவள்.”

“கொண்டு வந்த ஆள் பேர் தராட்டி உள்ள விடமாட்டம் எண்டவங்கள். நான் என்ன செய்யிறது, நீரே சொல்லும்.”

அவள் கையிலிருந்த தக்காளியை அடுக்கில் வைத்தாள். “ஆள் தப்பிட்டாரோ?” என்றாள்.

“இல்லை.”

அப்படியென்றால் எல்லாம் வீணாய்ப் போயிற்றே என்று நினைத்தாள். காகிதத்துக்காகத்தான் நினைத்தாள், செத்தவனுக்காக அல்ல. வெட்கமாக இருந்தது; அதற்காக ஆத்திரம் தணியவுமில்லை.

“வெள்ளிக்கிழமை அவங்களுக்கு நான் என்னத்தை எழுதுறது?”

“நடந்ததை எழுதும்.”

கைது செய்யப்பட்டதுண்டா என்று ஒவ்வொரு படிவத்திலும் ஒரு கேள்வி இருந்தது. நாலு வருடமாக அவள் யோசிக்காமல் ‘இல்லை’ போட்ட கேள்வி அது. இனிமேல் எந்த நாட்டுப் படிவத்திலும் அப்படிப் போட முடியாது.