பள்ளத் தெருவில் சேர்ந்த வெயில்

“அந்த ரெண்டாவது துணியக் கழட்டிடலாமா சார்” என்று தார்க்காரர் மகள் கேட்டாள். வானிலை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள்: எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே. அந்த ஊரின் கோடை வெயில் முப்பது வருஷமாக இருபத்தொன்பது டிகிரியைத் தாண்டியதில்லை. அளக்காமல் விட்ட மிச்ச வெயில் தினமும் சரிவில் இறங்கி, ஊரின் தாழ்வான மூலையிலிருந்த பள்ளத் தெருவில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அவள் வீடு அந்தத் தெருவில்தான்.

நிலையத்தின் புல்தரையில் நாலு காலில் நிற்கும் ஒரு வெள்ளை மரப்பெட்டி உண்டு. காற்று புகுந்து வர இடைவெளி விட்டுப் பலகை அடித்த பெட்டி. உள்ளே இரண்டு வெப்பமானிகள். ஒன்று சும்மா இருக்க வேண்டும், வெயிலின் அளவை அதில்தான் பார்ப்பது. மற்றதன் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும், அது காற்றின் ஈரத்தைக் கணக்கிட. முப்பது வருஷத்துக்கு முன்னால் தலைமையகத்திலிருந்து சோதனைக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்தபோது, அப்போதிருந்த அதிகாரி, ஒழுங்கு என்றால் உயிரை விடுகிறவர், ஒன்று உடுத்தி நிற்க இன்னொன்று அம்மணமாக நிற்பதா என்று இரண்டுக்கும் ஈரத் துணி சுற்றிவிட்டார். வந்தவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, படு சுத்தம் என்று பாராட்டிவிட்டுப் போனார். பாராட்டு வாங்கிய துணியை அதற்குப் பிறகு யார் கழற்றுவார்கள்? வாரம் ஒருமுறை துவைத்து மாட்டினார்கள். குளுமையான ஊர் என்று பெயர் பரவியது. ஓய்வு பெற்றவர்கள் மேட்டுத் தெருக்களில் வீடு கட்டிக்கொண்டு சித்திரை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டு நடந்தார்கள். பாவனை ஒன்றுமில்லை, அவர்களுக்கு நிஜமாகவே குளிர்ந்தது.

பள்ளத் தெருவில் காலையில் கதவைத் திறக்க இரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது, ராத்திரி வந்த வெயில் வாசலில் அவ்வளவு உயரம் குவிந்து கிடக்கும். பெண்கள் அதை விளக்குமாற்றால் தள்ளினார்கள். உன் வெயிலை என் வாசலில் தள்ளாதே என்று சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் உண்டு. அடுப்பு பற்றவைக்காமலே உலை கொதித்தது. கேஸ் மிச்சம் என்று அதையும் ஒரு லாபமாகச் சொல்லிக்கொண்டார்கள். குழந்தைகளைக் கட்டிலுக்கு அடியில் நனைத்த சாக்கில் படுக்க வைத்தார்கள். ஜன்னலில் ஈரப் புடவை தொங்கவிட்டால் குழம்பு தாளிப்பதற்குள் காய்ந்துவிடும், மறுபடி நனைக்க வேண்டும். அவள் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் ஒரு கையால் புடவையை நனைத்துக்கொண்டேதான். தெருவில் முதல் பட்டதாரி அவள். வானிலை நிலையத்தில் வேலை என்றதும் தெருவே சிரித்தது, இனி வெயிலுக்கு நம்ம ஆள்தான் அதிகாரி என்று.

அவள் அப்பா சாலைக்குத் தார் போடுகிறவர். முதல் கோடையில் நாலு விரற்கடை சுருங்கினார், அடுத்தடுத்த கோடைகளில் அதைவிட அதிகமாக. அம்மா அவருடைய பேண்ட்டை வருஷா வருஷம் மடித்துத் தைப்பாள். இப்போது அவர் மகளின் இடுப்புக்கு வந்துவிட்டார், மண்வெட்டிக் காம்பையும் அறுத்துக் குட்டையாக்கியாயிற்று. டாக்டர் அவரை மேஜைமேல் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, இந்தக் கோடையிலும் நடுப்பகலில் வேலை செய்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது என்றார். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டினால் நடுப்பகலில் வெளிவேலையை நிறுத்தச் சட்டம் இருந்தது. ஆனால் நிலையம் எண்ணைச் சொன்னால்தான் சங்கு ஊதும். அந்த ஊரில் அந்தச் சங்கை யாரும் கேட்டதில்லை.

இப்போதைய அதிகாரி கெட்டவர் இல்லை. அவளை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, நிதானமாகத்தான் பேசினார். தனக்கு அடுத்த வருஷம் ஓய்வு, அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு, பிறகு உன் இஷ்டம் என்றார்.

“ஒரே நாள்ல பதினஞ்சு டிகிரி ஏறினா என்னைத்தாம்மா கேப்பாங்க. முப்பது வருஷக் கணக்கும் பொய்யாயிடும்.”

“இனிமே என்ன ஆகறது சார். அது அப்பவே பொய்தான்.”

“உங்கப்பா ஒருத்தருக்காக ஊர் வெயிலையே ஏத்தச் சொல்றியா?”

“ஏத்தச் சொல்லலை. எங்க தெருவுல எறக்கினதை எடுத்துக்கங்கன்னு சொல்றேன்.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இந்த வாய்க்குத்தான் படித்தவர்களை வேலைக்கு எடுக்கவே பயமாக இருக்கிறது என்றார், பாதி தனக்குள். அடுத்த வருஷம் அப்பா எவ்வளவு உயரம் இருப்பார் என்று அவள் விரலால் மேஜைமேல் அளந்து பார்த்தாள். சொம்பளவு இருப்பார். எழுந்து புல்தரைக்குப் போனாள்.

முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். குமிழைத் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு நின்றாள். பாதரசம் முதலில் நம்பவில்லை. பிறகு மெல்ல ஏறத் தொடங்கி, முப்பதில் கொஞ்சம் தயங்கி, நாற்பத்து நாலில் போய் நின்றது. மத்தியான அளவைத் தலைமையகத்துக்குப் போனில் சொல்வது அவள் வேலை. சொன்னாள். மறுமுனை திரும்பச் சொல்லச் சொன்னது, திரும்பவும் சொன்னாள். ஒரே நாளில் எப்படி ஏறியது என்று மறுமுனை கேட்டபோது, துணியை நான்தான் கழட்டினேன் என்று தன் பேரையும் சொல்லி வைத்தாள். கேட்டைத் தாண்டினால் நாளைக்கு வரவேண்டாம் என்று அதிகாரி சொன்னார். சொன்னபோதே முதல் தடவையாக அவருக்கு வியர்த்தது. அவள் அதற்குள் டிபன் டப்பாவைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டியிருந்தாள்.

சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போது வெளியே வந்தாள். பள்ளத் தெருவிலிருந்து வெயில் மேடேறி வந்துகொண்டிருந்தது, முப்பது கோடையும் ஒன்றன் பின் ஒன்றாக, பழையது முன்னால், அவசரமில்லாமல். சாலை குறுகல். அவள் சுவரோரம் ஒதுங்கி, அது போக வழிவிட்டு, வீட்டைப் பார்த்து இறங்கினாள்.