ஆகஸ்ட்டில் சுட்டுப் பார்த்த குழல்

வெர்லின் ஹாகே எனக்குத் தர வேண்டியது அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர். அவனுடைய பட்டறைக் கூரைக்குத் தகரம் அடித்த கூலி. பனி உருகும்போது அடித்தது, ஆகஸ்ட் வந்தும் காசு வரவில்லை. அவன் துப்பாக்கி செய்து, பழுது பார்க்கிறவன். கை நிறைய வேலை இருக்கும், பையில் ஒன்றும் இருக்காது.

"காசாத்தான் வேணுமா? உன் மாமனாரோட பழைய துப்பாக்கிக்குப் புதுக் குழல் போட்டுத் தரேன். கணக்கு தீந்துச்சு" என்றான்.

எனக்கும் அது தேவைதான். என் மனைவி மார்லிஸுக்கு அப்போது நாலு மாசம். ஈயக் குண்டில் அடித்த கறி வேண்டாம், ஈயத்தூள் கறிக்குள் தங்கிவிடும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார். மர மில்லில் பலகை அடுக்குகிற கூலியில் குளிர்காலம் முழுக்கக் கடைக்கறி வாங்க முடியாது. ஒரு எல்க் மான் விழுந்தால் போதும், அடுப்பு ஓடும். அதனால் செம்புக் குண்டுதான் என்று முடிவானது.

செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். நீளக் குண்டு நேராகப் போக வேண்டுமென்றால் வேகமாகச் சுழல வேண்டும். சுழற்றிவிடுவது குழலுக்குள் வெட்டியிருக்கிற புரி. வெர்லினிடம் சும்மா கிடந்த குழலில் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தால் இன்னும் வேகமாகச் சுழலும், ஆனால் அதைக் காசு கொடுத்து வரவழைக்க வேண்டும்.

"எட்டுப் புரிதான் நல்லதோ?" என்றேன்.

"பத்தே போதும்டா. சுட்டுப் பாத்துட்டுப் பேசு."

குழலை மாட்டியதும் மலை முகட்டுக்குப் போனோம். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியது. அஞ்சு குண்டும் காகிதத்தில் வட்டவட்டமாகத் துளை போட்டன. கை குலுக்கினோம். கடன் தீர்ந்தது.

நவம்பர் கடைசியில்தான் எனக்கு லீவு கிடைத்தது. வேட்டைக் காலம் முடிய ஒரு வாரம்தான். துப்பினால் கீழே விழுமுன் உறைகிற குளிர். கிளம்புமுன் ஆற்றங்கரையில் ஒரு குண்டு சுட்டுப் பார்த்தேன். காகிதத்தில் துளை வட்டமாக இல்லை, பொத்தான் காஜா மாதிரி நீளமாகக் கிழிந்திருந்தது. அடுத்த குண்டு காகிதத்திலேயே படவில்லை.

பட்டறையில் வெர்லின் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"குண்டு புரண்டு போயிருக்குடா. மலை மேல, வெயில்ல, காத்து லேசு. இங்க கீழ, இந்தக் குளிர்ல காத்து கெட்டி. பத்துப் புரிக்குத் திணறுது. நவம்பர் துப்பாக்கிய ஆகஸ்ட்ல சுட்டுப் பாத்திருக்கேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"இப்ப என்ன பண்றது?"

"குட்டையான ஈயக் குண்டு போடு. இதே குழல்ல நேராப் போகும்."

"மார்லிஸ் என்னத்தத் திம்பா, உன் தொப்பியையா?"

அவன் சுவரில் மாட்டியிருந்த தன் சொந்தத் துப்பாக்கியைப் பார்த்தான். அதே அளவுக் குண்டு, எட்டுப் புரி.

"அதையே ரெண்டு நாளைக்குக் குடேன்" என்றேன்.

"அது இடக்கைக்காரன் துப்பாக்கிடா, தோட்டா ஏத்துற பிடி இடப்பக்கம். நீ தடவித் தடவி ரெண்டாவது தோட்டா ஏத்துறதுக்குள்ள மான் கனடா போய்ச் சேந்துடும்." அதை இறக்கி மேசை இடுக்கியில் பூட்டினான். "குழலை மட்டும் கழட்டி உன்னுதுல போடுறேன்."

"அப்ப உனக்கு?"

"எனக்கு முட்டி வலி. இந்த வருஷம் மலை ஏறல."

முட்டி வலியாம். முந்தின வாரம்தான் ஏணியில் ஏறி நான் அடித்த தகரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம் வரை லேத்தில் குழலைக் கடைந்து, அளந்து, மறுபடி கடைந்தான். சாயங்காலம் அதே ஆற்றங்கரையில், அதே குளிரில் சுட்டோம். மூன்று துளையும் வட்டம்.

வேட்டை முடிகிற நாளுக்கு முந்தின நாள் ஒரு பெட்டை எல்க் பைன் மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்து நின்றது. ஒரே குண்டு. மண்டிபோட்டு விழுந்தது. அன்றைக்கு ராத்திரி மார்லிஸ் ஈரலை வெங்காயம் போட்டு வதக்கி, எனக்கு வைக்காமல் பாதிக்குமேல் சாப்பிட்டாள். "உள்ள ஒரு ஆள் கேக்குது" என்றாள்.

ஒரு பின்னந்தொடையைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வெர்லின் கசங்கிய நோட்டுகளை நீட்டினான்.

"அந்தப் பத்துப் புரி உதவலையே, கூலிக்கு இப்ப நாப்பது இருக்கு. மிச்சம் மெதுவா."

"உள்ள வை. கணக்கு தீந்துச்சு."

"இதோட ரெண்டாவது தடவை தீருது" என்றான்.

"இந்தத் தடவை குளிர்ல சுட்டுப் பாத்தாச்சு."