கேசட்டின் மறுபக்கம்

“கேசட்ட என் கையில குடு அக்கா, நான் ஒண்ணும் அத்த முழுங்கிட மாட்டேன்…”

“உன் கையில குடுத்தா இன்னா பண்ணுவ, காதுல வெச்சிக் கேப்பியா? மாமா வரட்டும்…”

“என் புருசன் பேசி அனுப்பினது…”

“என் கொழுந்தன் பேசி அனுப்பினது. அவன் அரணாக்கயிறோட ஓடிகினு இருந்த நாள்லேர்ந்து சோறு போட்டவ நானு…”

ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி. இரண்டு பேர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்ததில் எது யார் பேச்சென்று பூவரச மரத்துக் காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. காரின் பின்சீட்டைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, பின்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பலகையில் ஸ்பீக்கருக்காக வட்டமாக அறுத்துக்கொண்டிருந்த நாகேந்திரன் ரம்பத்தை நிறுத்தினான். பூந்தமல்லியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி, “ரெண்டு ஸ்பீக்கர் ஏற்கெனவே இங்க கீதே, நான் எதுக்கு வேற மாட்டிகினு” என்றான்.

ஓரகத்திகளில் மூத்தவளான பார்வதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இளையவள் நாகவல்லிக்கு வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். போனவள் உட்காரவும் இல்லை. அரிசியை எடுத்து முறத்தில் கொட்டினாள், கல் பொறுக்கவில்லை. அடுப்பை ஊதினாள், உலை வைக்கவில்லை. நேற்று முன்தினத்திலிருந்து அவளுக்கு இப்படித்தான் இருந்தது.

நேற்று முன்தினம் சின்னசாமி வந்திருந்தான். வேலப்பன்சாவடிக்காரன். துபாயில் நாகவல்லியின் கணவன் உத்தமனோடு ஒரே அறையில் இருந்தவன், போதும் என்று ஒரேயடியாக ஊருக்குத் திரும்பியிருந்தான். உத்தமன் கொடுத்தனுப்பிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கினான். அதில் காருக்கு ஒரு கேசட் செட், முட்டை வடிவத்தில் பெரிய ஸ்பீக்கர் இரண்டு, அண்ணிக்கு ஒரு புடவை, நாகவல்லிக்கு ஒரு புடவை, பேசி அனுப்பிய கேசட் ஒன்று. நாகவல்லி அப்போது மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியில், பருத்திப்பட்டு ஏரி மதகுக்கிட்டே சின்னசாமி சைக்கிளை நிறுத்தினான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“கேசட்டுல மொத பக்கம் எல்லாருக்கும். ரெண்டாவது பக்கம் உனக்குன்னு பேசிகிறான் தங்கச்சி. தனியா கேக்கச் சொன்னான். உன் சேதிய நான் ஒரு எழுத்து விடாம சொல்லிட்டேன்.”

அவள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கேசட் பார்வதத்தின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டிருந்தது.

அவள் அனுப்பிய சேதி இதுதான். எட்டு மாதத்துக்கு முன்னால், லீவு முடிந்து கிளம்பிய சின்னசாமியிடம் சொல்லியிருந்தாள்: இந்த வீட்டில் இனி என்னால் இருக்க முடியாது, சின்னதாக ஒரு குடிசையானாலும் தனியாக வேண்டும், அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு வா. பார்வதம் கொடுமைக்காரி இல்லை. அவள் புருஷன் கன்னியப்பன் தங்கமான மனிதர். தன் குறையை யாரிடமும் சொல்லி நியாயம் கேட்க முடியாது, அதுதான் கஷ்டம். கல்யாணமாகி நாற்பத்திரண்டாம் நாள் உத்தமன் விமானம் ஏறினான். அவளுக்கு எழுத்து தெரியாது. அவன் கடிதம் வந்தால் கன்னியப்பன்தான் நடு வீட்டில் உட்கார்ந்து படிப்பார். “நாகு, நல்லா கீறியா, அண்ணி சொல்றபடி கேளு” என்ற வரியைக் கணவனின் அண்ணன் வாயால் கேட்டுத் தலையாட்ட வேண்டும். அப்புறம் கேசட் காலம் வந்தது. குரலாவது அவனுடையதாக இருந்தது. ஆனால் வீட்டில் கரண்ட் இல்லை. மெயின் ரோடு வரை வந்த கம்பம் இவர்கள் வரிசைக்குத் திரும்பவே இல்லை. மனு கொடுத்து இரண்டு வருஷமாகிறது. கேசட் ஓடுவதற்கு இருந்த ஒரே இடம் கார்.

கார் என்றால் பழைய அம்பாசிடர். கன்னியப்பன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மேனேஜருக்குப் பத்து வருஷம் டிரைவராக இருந்தார். மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது, இவர் சேர்த்ததும் உத்தமன் அனுப்பியதுமாகப் போட்டு வாங்கிய வண்டி. அவர்களுடைய அப்பன் ஊரார் நிலத்தில் நடவுக்குப் போனவர். அந்தக் குடும்பத்தில் ஒரு கார். கல்யாணச் சவாரிக்குப் போகாத நாளில் குடும்பமே அதில் ஏறி உட்கார்ந்து, எங்கும் போகாமல், மரத்தடியில் நின்ற வாக்கிலேயே துபாயிலிருந்து வரும் குரலைக் கேட்கும். முன்னால் கன்னியப்பன், பின்னால் ஒரு பக்கம் பார்வதம், இன்னொரு பக்கம் நாகவல்லி. டேஷ்போர்டுக்கு அடியில் பொருத்தியிருந்த ஒற்றை ஸ்பீக்கரிலிருந்து உத்தமன் ஜலதோஷம் பிடித்தவனைப்போலப் பேசுவான். ஒரு பக்கம் முடிந்தால் ‘டக்’ என்று செட் நின்றுவிடும். கன்னியப்பன் கேசட்டை வெளியே எடுத்து, ஊதி, திருப்பிப் போடுவார். மறுபக்கத்தில் எப்போதும் ஏதாவது பாட்டுதான் இருக்கும்.

மத்தியானம் கன்னியப்பன் வந்ததும் நாகவல்லி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டுவிட்டாள்.

“மாமா. மொத பக்கம் எல்லாரும் கேக்கலாம். அது முடிஞ்சதும் கேசட்ட என்கிட்ட குடுத்துடுங்க.”

“எதுக்கும்மா?”

அவள் முகம் கதவுக்குப் பின்னால் மறைந்தது. கன்னியப்பன் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். ஐம்பதைத் தொடும் மனிதருக்குக் காது மடல் சிவந்தது.

“சரிம்மா. எடுத்துக்கோ. எங்க போட்டுக் கேப்ப?”

“சின்னசாமி அண்ணன் ஊட்ல கரண்ட் கீது. அவங்க சம்சாரம் வரச் சொல்லிச்சி.”

“சரி” என்றார் மறுபடியும். பிறகு உள்ளே பார்த்து, “பார்வதம், கேசட்ட எடு. அதும் மேல நீ இன்னா அடைகாத்துகினு கீறியா” என்றார்.

அப்போதுதான் நாகவல்லிக்கு உலை வைக்கத் தோன்றியது.

நாலு மணிக்கு நாகேந்திரன் வேலையை முடித்தான். பின்சீட்டுக்கு மேலே இரண்டு ஸ்பீக்கரும் கறுப்பு வலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. முன்னால் பழைய செட் இருந்த இடத்தில் புது செட். அதில் பச்சை விளக்கு ஒன்று, சிவப்பு விளக்கு ஒன்று. கன்னியப்பன் காரைக் கழுவித் துடைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். “சித்திரையில மீனம்பாக்கத்துலேர்ந்து அவன இதுலதான் இட்டாரணும். ஏறி உக்காந்ததும் பின்னாடியிருந்து சத்தம் வரணும், பையன் திரும்பிப் பாக்கணும்” என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னார். புது செட்டில் முதலில் தம்பி குரல்தான் கேட்க வேண்டும், அப்புறம்தான் பாட்டு, என்றும் சொன்னார்.

நாகேந்திரன் சைக்கிளில் ஏறும்போது, “பழைய செட்டு மாதிரி இல்லண்ணா இது. நீ ஒண்ணும் பண்ண வேணாம், அதுபாட்டுக்கு ஓடிகினே இருக்கும்” என்றான். செட்டைப் புகழ்கிறான் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

தெருவே வந்துவிட்டது. எதிர்வீட்டு வேம்புலியம்மாள் முறத்தோடு வந்து நின்றாள். “இன்னா கன்னியப்பா, காருக்குக் காது குத்தறியா?” என்றாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கன்னியப்பன் நாலு கதவையும் திறந்து வைத்தார். பார்வதம் கற்பூரம் காட்டினாள். கேசட் உள்ளே போனது.

உத்தமன் பேச ஆரம்பித்ததும் யாரோ, “யப்பா” என்றார்கள். அது ஜலதோஷக் குரல் இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டே பேசுகிற குரல். அவன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. “அண்ணாத்தே, ஸ்பீக்கர பின்னாடி வெச்சியா? முன்னாடி வெச்சா அண்ணி பேசறது உனக்குக் கேக்காது, அப்பால அடி வாங்குவ” என்றான். கூட்டம் சிரித்தது. கன்னியப்பன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார். உத்தமன் வேம்புலியம்மாளைக்கூட விசாரித்தான். ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுக் கடைசியில், “நாகு, நல்லா கீறியா, அண்ணி சொல்றபடி கேளு” என்றான். வழக்கமான வரி. அதற்கப்புறம் வெறும் இரைச்சல்.

நாகவல்லி திறந்திருந்த பின்கதவுப் பக்கமாக வந்து, முன்சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டினாள். ‘டக்’ என்று சத்தம் கேட்டது. கன்னியப்பனும் கேசட்டை எடுக்கக் கை கொண்டுபோனார். செட் நிற்கவில்லை. பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. கேசட்டை வெளியே எடுக்காமல், திருப்பாமல், அதுவாகவே மறுபக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது.

“நாகு. இத்த நீ மட்டும் கேளு. பக்கத்துல அண்ணி இல்லியே?”

தெரு முழுக்கக் கேட்டது. கற்பூரத் தட்டோடு நின்ற பார்வதம், “இங்கதான்டா கீறேன், சொல்லு” என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வேம்புலியம்மாள் முறத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“நீ சொல்லியனுப்பினத சின்னசாமி சொன்னான். அந்த ஊட்ல இனிமே இருக்க முடியாதுன்னியே. எட்டு மாசமா அதே ரோசனைதான் எனக்கு.”

சிரித்தவர்கள் சிரித்த வாயோடு நின்றார்கள். பார்வதம் தட்டைக் கீழே இறக்கினாள். கன்னியப்பனின் கை செட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் அப்படியே நின்றது. அழுத்தியிருக்கலாம். அழுத்தவில்லை. நாகவல்லியின் நீட்டிய கையும் அங்கேயே இருந்தது. இரண்டு கைக்கும் நடுவில் அந்தச் சிவப்பு விளக்கு.

“ஏறும்மா” என்றார் கன்னியப்பன்.

அவள் விளங்காமல் பார்த்தாள்.

“ஏறிக் கதவ சாத்து.”

அவள் ஏறினாள். வண்டி கிளம்பியது. தன் பக்கத்துக் கதவை அவர் ஒரு கையால் இழுத்துச் சாத்திக்கொண்டே ஓட்டினார், மற்றவை ஓட்டத்தில் தாமாகச் சாத்திக்கொண்டன. எலுமிச்சம்பழம் நசுங்கியது. வேம்புலியம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள். பார்வதம் ஏதோ கேட்டது மட்டும் காதில் விழுந்தது, என்னவென்று தெரியவில்லை.

கணவனின் அண்ணனோடு தனியாக அவள் இந்த வண்டியில் போனதே இல்லை. கன்னியப்பன் பின்னால் பார்க்கும் கண்ணாடியை விரலால் மேலே தள்ளினார். அதில் இப்போது அவள் முகம் தெரியாது, வண்டியின் கூரைதான் தெரியும். பின்சீட்டில் அவள் தலைக்குப் பின்னாலேயே இரண்டு ஸ்பீக்கரும் இருந்தன. உத்தமன் அவள் கழுத்துப் பக்கம் வந்து பேசினான். நாற்பத்திரண்டு நாளிலும் இத்தனை கிட்டத்தில் இத்தனை நேரம் அவன் பேசியதில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. எங்கேயாவது நிறுத்தினால் இறங்கி ஓடிவிடலாம் போலவும், வண்டி நிற்கவே கூடாது போலவும் இருந்தது.

“நிறுத்தணும்னா சொல்லும்மா” என்றார் கன்னியப்பன். சாலையைப் பார்த்தே சொன்னார்.

ஸ்பீக்கரில் உத்தமன் பேசிக்கொண்டே போனான்.

“வானகரத்துல ஒரு கிரவுண்டு மனை வெலைக்கு வருதுன்னு சின்னசாமியோட மச்சான் எழுதிகிறாரு. நான் சரின்னுட்டேன். சித்திரையில வந்ததும் நாம தனியா பூடலாம். அண்ணன்கிட்ட இப்ப நீ வாயத் தொறக்காத. நானே நேரா சொல்லிக்கறேன். எப்டி சொல்றதுன்னுதான் தெரியல. அது என்னத் தோள்ல தூக்கிகினு திரிஞ்ச மனுசன்.”

ஆவடி பக்கமிருந்து ராணுவ லாரி ஒன்று எதிரே வந்தது. கன்னியப்பன் அதற்கு வழிவிட்டு, ஏரிக்கரை மேட்டில் வண்டியை ஏற்றினார். வண்டி குலுங்கும்போதெல்லாம் குரலும் தழதழத்தது.

“கார அண்ணனே வெச்சிக்கட்டும். நான் பங்கு கேக்க மாட்டேன். செட்டும் அதுக்குத்தான் அனுப்பினேன். நாம போனப்பறம் அதுக்கு ஒண்ணுமில்லாம பூடக் கூடாது பாரு.”

வண்டி நின்றது. கன்னியப்பன் இறங்கினார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். கண்ணாடி இறக்கியே இருந்தது, அதை ஏற்ற அவருக்குத் தோன்றவில்லை. கரையிலிருந்து இறங்கித் தண்ணீர் விளிம்புவரை போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யாரோ எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு தூரம் போனால் கேட்காது என்று நினைத்திருப்பார். உத்தமன் தேடித் தேடி வாங்கி அனுப்பிய ஸ்பீக்கர் அது. எருமைக்காரனே திரும்பிப் பார்த்தான்.

“உன் மூஞ்சியே மறந்து பூடுது நாகு சில நாளு. அப்போ நான் இன்னா பண்ணுவேன் தெரியுமா…”

மறுபக்கத்தில் பாதி இன்னும் இருந்தது. இதற்காகத்தான் அவள் மூன்று நாளாக உட்கார முடியாமல் அலைந்தாள். அவர் முதுகு அசையவில்லை. வேட்டியின் நுனி தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது, அதை அவர் தூக்கிப் பிடிக்கவில்லை. நாகவல்லி முன்சீட்டுக்கு மேலாக எக்கி, கைக்கு அகப்பட்ட ஒரு குமிழைத் திருகினாள். குரல் கனத்து இன்னும் பெரிதாகியது. பக்கத்துக் குமிழைத் திருகினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

ஏரி மேல் காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. அவள் இறங்கினாள். செருப்பில்லை, கரைச் சரிவில் முள் கிடந்தது. பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, அவருக்குப் பத்தடி பின்னால் போய் நின்றாள்.

“மாமா. தனியா பூடணும்னு நான்தான் சொல்லியனுப்பினேன். அவுரா ஒண்ணும் கேக்கல.”