வேரோடு வந்த முடி

அவன் என் கன்னத்தில் அறைந்தபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். தெருவில் யாராவது முறைத்தாலே இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற பிறவி நான். என் வீட்டுக்காரர் என்னோடு குடித்தனம் நடத்த முடியாமல் போனதற்கே என் வாய்தான் காரணம் என்று சொந்தக்காரர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். அன்று அறையை வாங்கிக்கொண்டு கல் மாதிரி நின்றேன், ஏனென்றால் முந்தின நாள் அவன் பெண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவள் இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மூன்று வாரத்துக்கு முன்னால் என் பியூட்டி பார்லர் கடையில் அவள் சுருட்டை முடிக்கு மருந்து போட்டு நேராக்கியது நான்தான். நேரானதும் முடி கொஞ்சம் வெளிறித் தவிட்டு நிறத்துக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை வந்து, "அக்கா, கன்னங்கரேல்னு டை போட்டு விடுங்க" என்றாள்.

"டை போட மாட்டேன்மா. மருந்து பட்ட முடி காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்ச ஆள் மாதிரி. அது மேல டையைப் போட்டா சீப்போட கையில வந்துரும். கறுப்பு ரின்ஸ் போட்டு விடறேன். அது உள்ள போகாது, மேலாப்புல ஒட்டிக்கும். ஏழெட்டுத் தடவை தலைக்குக் குளிச்சா போயிரும்."

முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து, இரண்டு நாளில் அரிப்போ தடிப்போ வந்தால் வராதே, வராவிட்டால் வா என்று அனுப்பினேன். யாராக இருந்தாலும் இதை விட மாட்டேன். மந்திரி வீட்டு அம்மாவே வந்தாலும் இரண்டு நாள் காத்திருந்துதான் ஆகவேண்டும்.

திங்கட்கிழமை காலை வந்தாள். கையில் தடிப்பு இல்லை. காதுக்குப் பின்னால் ஒரு கொத்து முடியைப் பிரித்து, ரின்ஸ் தடவிப் பார்த்து, ஈரத்தோடு இழுத்தும் பார்த்தேன். ஒடியவில்லை. என் வேலை சுத்தம் என்று மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். அப்புறம் பேசினில் தலையைச் சாய்த்துத் தண்ணீர் விட்டு, உச்சிக்குப் பின்னால் விரலைக் கொண்டுபோனேன். அவள் துள்ளி எழுந்துவிட்டாள்.

என் உள்ளங்கை அளவுக்கு அங்கே முடியே இல்லை. தோல் சிவந்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"என்னதும்மா இது?"

ஈரத் தலையில் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு ஆறிப்போயிருந்ததாம். அவன் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன், இரும்புக் கயிறு இழுத்துப் பழகின கை. சமையலறையிலிருந்து கூடம் வரைக்கும் முடியைப் பிடித்தே இழுத்துவந்திருக்கிறான். சாயங்காலம் அவனுடைய அக்கா ஊரிலிருந்து வந்திறங்கியவள், இவள் தலையைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டிருக்கிறாள்.

"உங்க கடையில முடிக்கு மருந்து போட்டதுல கொட்டிப் போச்சுன்னு சொல்லிட்டேங்க்கா. மன்னிச்சிருங்க. அவரும் அதையே பிடிச்சுக்கிட்டாரு. நாளைக்கு நாத்தனாரையும் கூட்டிக்கிட்டு உங்ககிட்ட சண்டைக்கு வருவாரு. நீங்க ஆமான்னு மட்டும் சொல்லிருங்க."

"நான் எதுக்கு ஆமாங்கணும்? போலீசுக்குப் போவோம் வா."

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்க்கா. பெரியவ லீவுக்கு நாத்தனார் வீட்டுல இருக்கா. வெள்ளிக்கிழமை நாத்தனார் வீட்டுக்காரர் கொண்டாந்து விடறாரு. அவ வந்துட்டா, அவளையும் சின்னவனையும் கூட்டிக்கிட்டு நான் போயிருவேன். எல்லாம் தயாரா இருக்கு. அது வரைக்கும் அவருக்குச் சந்தேகம் வரக்கூடாது. பெரியவளை விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு மூன்று. நான் சரி என்றேன். தலையில் அடித்தும் சத்தியம் பண்ணினேன், என் தலையில்தான். புண்மேல் வாசலினைக் கனமாகப் பூசி மூடி, அதைச் சுற்றி ஓர் அங்குலம் விட்டே ரின்ஸ் போட்டேன். சூடு காட்டாமல், தலையில் வெறும் பிளாஸ்டிக் கவர் மாட்டி, பதினைந்து நிமிஷம். நல்ல கறுப்பாகப் பிடித்தது. மேல் முடியை வாரிப் புண்ணை மறைத்துக் கட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். முன்னால் அவன், பின்னால் அவன் அக்கா, கடைசியாக இவள். அப்போது கடையில் ரிட்டயரான கணக்கு டீச்சர் ஒருவர் தலையில் ரின்ஸும் கவருமாக உட்கார்ந்திருந்தார். அவரும் என்னிடம் முடியை நேராக்கிக்கொண்டவர்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

அவன் பேச்சை ஆரம்பிக்கவே இல்லை. அலமாரியில் கையை வைத்து ஒரே வீச்சு. ஷாம்பு, எண்ணெய், வாசலின் டப்பா எல்லாம் தரையில் உருண்டன. கண்ணாடி பாட்டில்கள் இரண்டு சிதறின.

"என் பொண்டாட்டி தலையை என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"தப்பு நடந்துபோச்சு சார்" என்றேன். அந்த மூன்று வார்த்தையைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"தப்பா?" பளாரென்று விழுந்தது. காது கொய்யென்றது. உதட்டில் உப்புக் கரித்தது. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் அக்கா மட்டும் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை. சாட்சிக்குக் கொண்டுவந்தவள் கைதட்டாமல் நின்றால் எந்த நடிகனுக்கும் ஆத்திரம் வரும். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான். உள்ளே ஒரு கத்தை முடி.

"பாருக்கா, நல்லா பாரு. மருந்துல முடி கொட்டின தலையில நேத்து சாயத்தையும் பூசி அனுப்பியிருக்கா. எதை எப்பப் போடணும்னு தெரியாது. கத்தரி பிடிக்கத் தெரியாத கழுதையெல்லாம் கடையைத் திறந்து வச்சுக்கிட்டு தலையைக் கெடுக்குது."

அதையும் பொறுத்திருப்பேன் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கணக்கு டீச்சர் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, எனக்கும் அதைத்தானே போட்டிருக்கே?" என்று பதறிப்போய்க் கவரைக் கழற்றக் கையை உயர்த்தினார்.

இருபத்திரண்டு வருஷத் தொழில். ஒரு தலைகூட என் கையில் கெட்டது கிடையாது. எனக்குக் கண் மண் தெரியவில்லை.

அவன் கையிலிருந்து பையைப் பிடுங்கினேன். முடியை உதறி எடுத்து ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன்.

"டீச்சர், கவரைத் தொடாதீங்க! ஏம்மா, நீயும் இங்க வந்து பாரு" என்று அவன் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்தேன். "மருந்துல கெட்ட முடி நடுவுல ஒடியும். வேரு தலையிலேயே நிக்கும். இதோட அடியைப் பாரு. ஒவ்வொண்ணுலயும் வெள்ளை வெள்ளையாக் குமிழ் தெரியுதா? இதெல்லாம் வேரோட வந்தது. தானாக் கொட்டுற முடியும் வேரோட வரும், ஆனா ஒண்ணு ரெண்டா வரும், இப்படிக் கத்தையா வராது. இங்க பாரு, தோலு கூட ஒட்டியிருக்கு. எந்த ரின்ஸும் தோலைப் பிய்க்காதும்மா. கைதான் பிய்க்கும்!"

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே காதில் விழுந்தது.

அவன் அக்கா அந்த முடியை என்னிடமிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு தம்பியின் கையைப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. மெதுவாகப் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"இவகிட்டச் சொல்லிக் குடுத்திருக்கியா?"

அவள் பின்னால் நகர்ந்தாள். இரண்டே எட்டு வைத்து அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, தலையைப் பேசின் விளிம்பில் மோதினான். இன்னொரு தரம் மோதினான். பீங்கான் விளிம்பில் சிவப்பாக வழிந்தது. "டேய், விடுடா! வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றாள் அவன் அக்கா. வீட்டுக்குப் போய்ப் பேசுவதாமே! அந்த வார்த்தை எனக்கு அவன் அறைந்ததைவிட எரிந்தது.

முடி நேராக்கும் மின்சார இடுக்கி மேஜைமேல் சூடாக இருந்தது. எடுத்து அவன் முன்கையை அதற்குள் வைத்து இறுக்கினேன். என் கையைத் திறக்கவே இல்லை. சதை பொசுங்குகிற நாற்றம் அடித்தது. அவன் அலறிக்கொண்டு பிடியை விட்டான்.

"ஓடு!" என்றேன். "சின்னவனைக் கூட்டிக்கிட்டு ஓடு!"

அவள் ஒரு நொடி நின்றாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் சுமக்க வேண்டும். அதில் நன்றி இல்லை. பிறகு நெற்றியில் ரத்தம் ஒழுக வாசலைத் தாண்டி ஓடினாள். சின்னவன் இருந்த குழந்தைகள் காப்பகம் நாலு தெரு தள்ளி. நடந்தால் பத்து நிமிஷம், ஓடினால் ஐந்து.

நான் ஷட்டரைப் பிடித்து இழுத்து இறக்கினேன். உள்பக்கம் பூட்டைப் போட்டேன். சாவியைப் பேசின் ஓட்டையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நாற்காலியால் அடித்தான். விழுந்தேன். விழுந்தவளை மிதித்தான். விலாவில் ஏதோ முறிகிற சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. நான் அவன் கணுக்காலைக் கட்டிக்கொண்டு ஆடுசதையில் பல்லைப் பதித்தேன். முன்பல் ஒன்று அங்கேயே போனது. ஷட்டர் பக்கம் அவன் நகரும்போதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டுதான் நகர்ந்தான். என் மோதிர விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான். அது முருங்கைக்காய் மாதிரி ஒடிந்தது. அப்போதும் விடவில்லை. வீரம் ஒன்றும் இல்லை. நான் திறந்த வாய்க்கு நானேதான் கூலி கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கணக்கு டீச்சர் கவரோடு எழுந்து, கைப்பையால் அவன் மண்டையில் போட்டார். பைக்குள் என்ன வைத்திருந்தாரோ, அவன் தள்ளாடிவிட்டான். "அரை மணி ஆச்சு, என் தலையை யாரு கழுவறது?" என்று கத்திக்கொண்டே மறுபடியும் போட்டார். அவன் அக்கா மூலையில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த முடிக் கத்தை இன்னும் அவள் கையிலேயே இருந்தது. அவள் கடைசிவரை தம்பியைப் பிடிக்கவும் இல்லை, அவனுக்கு உதவவும் இல்லை.

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஷட்டரைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தபோது பதினொரு மணி. போலீஸ் வந்தது. அவன் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு என்மேலேயே புகார் கொடுத்தான். கொடுக்கட்டும். அவளும் சின்னவனும் அதற்குள் ஊர் எல்லையைத் தாண்டியிருந்தார்கள்.

பெரியவள் மட்டும் வெள்ளிக்கிழமை, சொன்ன நாளில், சொன்ன வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே அப்பன் மட்டும்தான் இருந்தான். அம்மாக்காரி பெரியவளைக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறாள் என்றார்கள். வாய்தாமேல் வாய்தா. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடியவள் என்று அவன் தரப்பு வக்கீல் கோர்ட்டில் பேசினாராம். என் விலா கூடிவிட்டது. விரல் மட்டும் கோணலாகவே நிற்கிறது. கத்தரி பிடிக்கும்போது வலிக்கும். வலிக்கட்டும் என்றுதான் தோன்றும்.

ஐந்து மாதம் கழித்து, போன வியாழக்கிழமை, அந்த நாத்தனார் கடைக்கு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். கூடவே ஒரு பெண் குழந்தை. யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருந்து படாத, அம்மாவின் அதே சுருட்டை முடி, இடுப்பு வரைக்கும். நாத்தனார் என்னை ஏறிட்டுப் பார்க்காமல், "இவளுக்கு வெட்டணுமாம். ரெண்டு நாளா ஒரே அழுகை. எதுக்குன்னு கேட்டா வெட்டறவங்ககிட்டதான் சொல்லுவாளாம்" என்றாள்.

நான் குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்துத் துணியைக் கட்டினேன். இவ்வளவு அழகான முடியை எதற்கு வெட்டுகிறாய், நுனியை மட்டும் சீர் பண்ணிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அப்ப எவ்வளவு வெட்டணும், கண்ணு?"

அவள் துணிக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுத்தாள். தன் உச்சி முடியைத் தானே கொத்தாகப் பிடித்து, முழங்கை உயர, பெரிய ஆள் இழுக்கிற மாதிரி மேலே இழுத்துக் காட்டினாள்.

"இப்படிப் பிடிச்சா கையில மாட்டக் கூடாது. அவ்வளவு."